பொதுச் சுவர்

ஞாயிறு காலை ஆறு இருபத்து நான்குக்கு
ஸாக்ரெப் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
அலமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசின.
பிறகு புகைபோக்கி
நான்கு மாடி இறங்கி முற்றத்துக்கு வந்து
திஹானாவின் சைக்கிள் மேல் உட்கார்ந்தது.

வானொலி சொன்னது: வெளியே போங்கள்.
அதே வானொலி, அதே மூச்சில்: கூட்டம் சேராதீர்கள்.
மார்ச் மாதம். தொற்று. போதாததற்குப் பனியும்.
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டும்
காலில் ஜோடி சேராத செருப்புமாக
இரண்டிரண்டு மீட்டர் தள்ளி நின்றோம்,
சதுரங்கக் காய்கள் போல,
யாருடைய முறை என்று தெரியாமல்.
நான் டிராம் ஓட்டுபவள்.
தண்டவாளம் நடுங்கினால் முதலில் காலுக்குத் தெரியும்.
பனியில் நின்றபோதும் கால் சொல்லிக்கொண்டே இருந்தது:
இன்னும் முடியவில்லை, இன்னும் முடியவில்லை.

மூன்றாம் நாள் பொறியாளர்கள் வந்தார்கள்,
கூலி வாங்காத இளம்பிள்ளைகள்,
தலையில் இரவல் தொப்பி.
வயிறு தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி
சுவரைத் தட்டிக் காது வைத்தார்கள்.
வாசலில் மஞ்சள் தாள் ஒட்டினார்கள்.
பச்சை என்றால் இரு.
சிவப்பு என்றால் போ.
மஞ்சள் என்றால்
இருக்கலாம், ஆனால் இருந்துவிடாதே.

என் சமையலறைக்கும் ட்ராகுதினின் படுக்கையறைக்கும் நடுவே
பொதுச் சுவர்.
இருபத்தொன்பது சென்டிமீட்டர் செங்கல்.
அதில் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல்.
என் சுண்டுவிரல் முதல் கணுவரை உள்ளே போகும்.
பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.
ஒரு குழாய் கசிந்த கதை, விடுங்கள்.

ட்ராகுதின் செயற்கைப் பல் செய்கிறவர்.
பட்டறையிலிருந்து பல் அச்சுக்கான சாந்தைக் கொண்டுவந்து
விரிசலின் குறுக்கே, தன் பக்கம், ஒரு பட்டை பூசினார்.
மிச்சத்தைக் கிண்ணத்தோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
கூடவே ஒரு சீட்டு:
“சீக்கிரம் இறுகிவிடும். தேதி எழுதவும்.”
பதினோரு வருடத்தில் முதல் கடிதம்.
பூசினேன். எழுதினேன்.
ஈறு நிறத்தில் ஒரு பட்டை.
சுவர் நகர்ந்தால் அது உடையும்,
உடைந்தால் ஓட வேண்டும்.

இரவில் அவருடைய இருமல்
விரிசல் வழியே என் அடுப்புக்கு வரும்.
எண்ணுவேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.
ஏப்ரலில் ஓர் இரவு இருமல் நின்றுபோனது.
நல்லதுக்கா, கெட்டதுக்கா?
கரண்டியால் தட்டினேன்.
ஒன்று. இரண்டு.
நெடுநேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து
எரிச்சலோடு ஒரு தட்டு.
அவ்வளவுதான். தூங்கப் போனேன்.

டிசம்பரில் பெட்ரீனியா விழுந்தது.
அங்கே மனிதர்கள் போனார்கள்.
எனக்குப் பட்டை மட்டும் உடைந்தது.
அதைப் போய் ஒருவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு காகிதங்கள் வந்தன.
பதினெட்டு உரிமையாளர்கள், பதினெட்டுக் கையெழுத்து.
இரண்டாம் மாடி ப்ரானிமிரா இருப்பது ஃப்ராங்க்ஃபர்ட்டில்.
மேல்மாடிக்காரர் செத்து ஆறு வருடம்;
வாரிசுகள் மூவர், மூவருக்கும் தனித்தனி வக்கீல்.
ஷிஃப்ட் முடிந்து சீருடையைக்கூடக் கழற்றாமல் படியேறுவேன்,
டிக்கெட் பரிசோதகர் வருகிறாள் என்று
குழந்தைகள் கதவுக்குப் பின்னால் சிரிக்கும்.

கடைசியாக ட்ராகுதின்.
கதவை ஒரு சாண் திறந்தார்.
“குழாய்?” என்றார்.
“என்னுடையதுதான்” என்றேன்.
பொய். பொய்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.
பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

நான்காம் வருடம் ஆட்கள் வந்து
இரும்பு வலை அடித்து
கான்கிரீட்டைக் குழாயால் பீய்ச்சினார்கள்.
கொத்தி எறிந்த பட்டையில் ஒரு துண்டு என் மேசையில் கிடக்கிறது,
பாதித் தேதியோடு.
மஞ்சள் தாள் கிழித்த இடத்தில் பசை மட்டும் போகவில்லை,
அதில் தூசி ஒட்டி ஒரு சதுரம்.

படியில் எதிர்ப்பட்டால் அவர் தலையசைக்கிறார். நானும்.
நேற்று, சும்மா, கரண்டியால் தட்டிப் பார்த்தேன்.
என் மணிக்கட்டுதான் வலித்தது.
சுவர் இப்போது சுவராக நிற்கிறது.
இருமுகிறாரா, தெரியவில்லை.